தந்தையைக் கழித்த கணக்கு: முஷ்தரகா வழக்கில் உமரின் இரு தீர்ப்புகள்

பிள்ளையும் தந்தையும் இல்லாத ஒரு பெண் இறக்கிறாள். கணவன், தாய், தாய்வழிச் சகோதரர் இருவர், தாய் தந்தை இருவழியும் ஒன்றான முழுச் சகோதரர் இருவர் இருக்கிறார்கள். ஆறு பங்கில் கணவனுக்கு மூன்று, தாய்க்கு ஒன்று, தாய்வழிச் சகோதரருக்கு இரண்டு. சொத்து தீர்ந்தது. மிச்சத்தை எடுக்க வேண்டிய அஸபாக்களான முழுச் சகோதரருக்கு ஒன்றுமில்லை. இதுதான் ஃபராயிள் (வாரிசுப் பங்கீட்டு) நூல்கள் முஷ்தரகா என்றும், ஹிமாரிய்யா என்றும், ஹஜரிய்யா என்றும் அழைக்கும் வழக்கு. இமாம் மாலிக்கும் இமாம் ஷாஃபிஈயும் முழுச் சகோதரரை அந்த மூன்றிலொரு பாகத்தில் கூட்டாளிகளாக்குகிறார்கள். இமாம் அபூஹனீஃபாவும் இமாம் அஹ்மதும் மறுக்கிறார்கள்.

சேர்த்துக்கொள்ளும் தீர்ப்பு கலீஃபா உமர் (ரலி) வழியாக வருவது. முதலில் மறுத்தார், பின்னர் சேர்த்தார். வசனத்தின் எழுத்தை நியாய உணர்வு வென்ற தருணம் இது என்று ஆய்வுலகில் ஒரு வாசிப்பு நெடுநாளாக நிலைத்திருக்கிறது. நெருங்கிய உறவினன் வெறுங்கையோடு போக, தூரத்து உறவினன் பங்கோடு போவதை உமரின் மனம் ஏற்கவில்லை என்பது அதன் சாரம். கேட்க இனிமையாக இருக்கிறது. சான்றுகளோ வேறு பக்கம் இழுக்கின்றன.

இந்த வாசிப்புக்கு உயிர் தருவது ஒரு காட்சி. எங்கள் தந்தை கழுதை என்றே வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் எல்லோரும் ஒரு தாய் மக்கள் இல்லையா என்று முழுச் சகோதரர்கள் முறையிட, உமர் மனம் மாறினார் என்பது அது. ஆனால் தீர்ப்பு மாற்றத்தைச் சொல்லும் அடிப்படை அறிவிப்பில் கழுதையும் இல்லை, முறையீடும் இல்லை. ஹகம் இப்னு மஸ்ஊத் வழியாக வரும் அந்த அறிவிப்பு வறண்டது. உமர் முழுச் சகோதரரை மூன்றிலொன்றில் சேர்த்தார். சென்ற ஆண்டு வேறு விதமாகத் தீர்ப்பளித்தீர்களே என்று ஒருவர் கேட்டார். அது அன்று நாம் தீர்த்தபடி, இது இன்று தீர்த்தபடி என்ற பொருளில் உமர் பதில் சொன்னார். அவ்வளவுதான். கழுதை வரும் வடிவங்கள் தனியாக வருகின்றன. அவற்றுள் ஒன்று அந்த வாதத்தை நபித்தோழர் ஸைத் இப்னு ஸாபித்தின் வாயில் வைத்து, தந்தை அவர்களுக்கு நெருக்கத்தைத்தானே கூட்டினார் என்று முடிக்கிறது. பேசுபவர் மாறிக்கொண்டே இருக்கும் காட்சியை வைத்துக் கலீஃபாவின் மனநிலையைக் கணிப்பது துணிச்சலான வேலை.

அறிவிப்பு சொல்வதைவிடச் சொல்லாதது இங்கே கனமானது. சென்ற ஆண்டு பங்கிழந்த சகோதரரை அழைத்து உமர் எதையும் திருப்பிக் கொடுத்ததாக அதில் இல்லை. இரண்டு தீர்ப்பும் அதனதன் இடத்தில் நிற்கின்றன. ஓர் இஜ்திஹாதை, அதாவது ஆய்ந்து எடுத்த ஒரு முடிவை, இன்னோர் இஜ்திஹாத் கலைக்காது என்ற விதிக்குப் பிற்கால ஃபிக்ஹு அறிஞர்கள் இந்தப் பதிலைத்தான் சான்றாகக் காட்டினார்கள். அநியாயம் என்று கண்டதைத் திருத்தியவரின் பேச்சாக இது எனக்குப் படவில்லை. வசனத்துக்கு இரண்டு வாசிப்பு இடமுண்டு என்று கண்டவரின் பேச்சாகவே படுகிறது.

எந்த வசனம்? அன்னிஸா அத்தியாயத்தின் 12ஆம் வசனம். கலாலாவாக, அதாவது பிள்ளையும் தந்தையும் இல்லாமல், இறந்தவருக்கு ஒரு சகோதரனோ சகோதரியோ இருந்தால் ஆறிலொன்று. அதற்கு மேற்பட்டால் மூன்றிலொன்றில் அவர்கள் 'ஷுரகா', அதாவது கூட்டாளிகள். முஷ்தரகா என்ற பெயரும் அதே ஷ-ர-க வேரில் பிறந்ததே. வசனம் 'அகு' என்று மட்டுமே சொல்கிறது, தாய்வழி என்ற அடைமொழி அதில் இல்லை. அந்த அடைமொழி ஸஅத் இப்னு அபீவக்காஸின் ஓதலிலிருந்தும் அறிஞர்களின் ஒருமித்த கருத்திலிருந்தும் வருகிறது. (தமிழில் இந்தச் சிக்கலைக் காட்டுவது கடினம். 'சகோதரன்' என்ற சொல்லின் வேரே ஒரே வயிறு என்பதுதான். 'தாய்வழிச் சகோதரன்' என்று எழுதும்போது வயிற்றை இருமுறை சொல்கிறோம்.) அடைமொழியை ஏற்றாலும் ஒன்று மிஞ்சுகிறது. முழுச் சகோதரனும் தாய்வழி வந்தவனே. உமரின் இரண்டாம் தீர்ப்பு அவனை அந்தச் சொல்லுக்குள் நிறுத்துகிறது.

ஷாஃபிஈ மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) உள்விதிகள் இதை உறுதிப்படுத்துகின்றன. முழுச் சகோதரருக்குப் பதில் தந்தைவழிச் சகோதரர் இருந்தால் அவர்களுக்கு ஒன்றுமில்லை. தாய்வழிச் சகோதரன் ஒருவனே இருந்தால் அவன் ஆறிலொன்றை எடுக்க, எஞ்சிய ஆறிலொன்றை முழுச் சகோதரர் பத்துப் பேரானாலும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அங்கே எந்த நியாய உணர்வும் குறுக்கிடுவதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, முழுச் சகோதரருக்குள் ஆணும் பெண்ணும் சமமாகவே எடுக்கிறார்கள் என்பது. அஸபாவாக வந்திருந்தால் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்றிருக்கும். சமபங்கு தாய்வழிப் பிள்ளைகளின் அடையாளம். தந்தையைக் கழித்துவிட்டுத்தான் அவர்கள் உள்ளே வருகிறார்கள். ஹிமாரிய்யா, ஹஜரிய்யா என்ற பெயர்களைத் தந்த கழுதை, கடலில் எறிந்த கல் என்ற படிமங்களெல்லாம் இந்தக் கழித்தலுக்கான நினைவுக்குறிகளே.

பிற்காலத்தார் தொகுத்த விதிகளை உமரின் மேல் ஏற்றலாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பழைய அறிவிப்பே அவர்களை 'மூன்றிலொன்றில்' சேர்த்ததாகச் சொல்கிறது. பங்குகள் சொத்தை மீறும்போது எல்லோரின் பங்கையும் விகிதப்படி குறைக்கும் அவ்ல் முறையும் உமரோடு இணைத்தே பேசப்படுவது. கணவனும் தாயும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கட்டும் என்று அவர் நினைத்திருந்தால் அதற்கான கருவி கையில் இருந்தது. அதைத் தொடவில்லை. தாய்மக்களின் பங்குக்குள்ளேயே கணக்கை முடித்தார்.

மறுதரப்பின் வாதம் எளிதாகத் தள்ளக்கூடியதல்ல. தாய்வழிச் சகோதரர் நூறு பேரானாலும் மூன்றிலொன்றுக்கு மேல் கொடுப்பீர்களா என்று அலீ (ரலி) கேட்டதாகவும், இல்லை என்றதும், அப்படியானால் அதில் குறைக்கவும் மாட்டேன் என்றதாகவும் அறிவிப்பு உண்டு. உரியவருக்குப் பங்கைக் கொடுத்து மிச்சத்தை நெருங்கிய ஆணுக்குக் கொடுங்கள் என்ற ஹதீஸும் ஹனஃபிகளுக்குப் பலம். மிச்சம் இல்லையென்றால் இல்லைதான். ஆனால் ஒருவன் இரு தகுதியில் வாரிசாக முடியாது என்று அவர்களும் சொல்வதில்லை. சிறிய தந்தையின் மகனே தாய்வழிச் சகோதரனாகவும் அமைந்தால் ஆறிலொன்றைத் தனியாகவும் மிச்சத்தில் அஸபா பங்கையும் எடுக்கிறான். முழுச் சகோதரனிடம் மட்டும் தாயுறவு தந்தையுறவில் கரைந்து அதற்கு வலுவாகிவிடுகிறது என்பது அவர்கள் விடை. கரைகிறதா, கூடவே நிற்கிறதா? சர்ச்சை முழுவதும் இந்த இடத்தில்தான், கருணையில் அல்ல.

தமிழ்நாட்டில் இது ஏட்டுச் சர்ச்சை மட்டுமல்ல. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்கள் ஷாஃபிஈ. உள்நாட்டு ஊர்கள் பெரும்பாலும் ஹனஃபி. வில்லியம் ஜோன்ஸ் 1782இல் ஷாஃபிஈ வாரிசுச் செய்யுளான ரஹபிய்யாவையும், 1792இல் ஹனஃபி நூலான சிராஜிய்யாவையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். இந்திய நீதிமன்றங்களில் ஊன்றி நின்றது பின்னதே. இலங்கையின் 1931ஆம் ஆண்டு 10ஆம் இலக்கச் சட்டமோ இறந்தவர் எந்த மத்ஹபோ அதன்படியே பங்கிடச் சொல்கிறது. எகிப்து 1943ஆம் ஆண்டின் 77ஆம் இலக்கச் சட்டத்தில் ஹனஃபி நிலையை விட்டு முழுச் சகோதரரைச் சேர்த்தது. சேர்த்தபோது ஆண் பெண் சமபங்கையும் கூடவே எடுத்துக்கொண்டது.

பன்னிரண்டு ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். கணவனுக்கு ஆறு, தாய்க்கு இரண்டு, தாய்வழிச் சகோதரர் இருவர், முழுச் சகோதரன் ஒருவன், முழுச் சகோதரி ஒருத்தி ஆகிய நால்வருக்கும் தலைக்கு ஒன்று. சேர்த்தது இரக்கத்தால் என்று நம்பி, முழுச் சகோதரனுக்கும் சகோதரிக்கும் வந்த இரண்டு ஏக்கரை இரண்டுக்கு ஒன்று என்று வகுத்தால், அந்தப் பாகப்பிரிவினை ஷாஃபிஈயும் அல்ல, ஹனஃபியும் அல்ல.