நயினியப்ப பிள்ளையும் நாபோத்தும்



நாம் பிரசாரம் என்றும் பரப்புரை என்றும் வழங்குவதற்கு ஐரோப்பிய மொழிகளில் உள்ள சொல் ‘புரோப்பகாண்டா’. அச்சொல் அரசியல் மேடையில் பிறந்ததன்று. திருச்சபையின் வீட்டிலேயே பிறந்தது. 1622-ஆம் ஆண்டு ரோமாபுரியில் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் விசுவாசத்தைப் பரப்புவதற்கென ஒரு பேராயத்தை நிறுவினார். அப்பேராயத்தின் லத்தீன் பெயரே சுருங்கி இச்சொல்லாயிற்று. இன்னும் பின்னோக்கிச் சென்றால் அதன் வேர் தோட்டக்காரருடையது. நம் ஊரில் கொடியை வளைத்து மண்ணில் புதைத்து வேர்விடச் செய்வதைப் பதியம் போடுதல் என்கிறோம் அல்லவா, அதுவே அதன் ஆதிப் பொருள். முதல் உலகப்போரில் அரசுகள் துண்டறிக்கைகளாலும் சுவரொட்டிகளாலும் தம் மக்களையே ஆட்டுவித்த பிறகுதான் அச்சொல்லில் பொய்யின் வாடை நிலைத்தது.

பெயர் மாறலாம், காரியம் பழையது. அது எவ்வாறு வேலை செய்கிறது என்று அறிய நீங்கள் தூரதேசம் செல்ல வேண்டுவதில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் புதுச்சேரியிலேயே நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள்.

நயினியப்ப பிள்ளை என்பவர் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பெனியின் தலைமைத் தரகர். கும்பெனிக்கும் உள்நாட்டு நெசவாளர், வணிகர் ஆகியோருக்கும் இடையே அவர் சொல்லே பாலம். நாட்குறிப்பினால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளை இவருடைய உறவினர். நயினியப்பர் இந்து. கும்பெனியின் தரகர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்று இந்நகரின் சேசு சபைக் குருமார் பல ஆண்டுகள் அதிகாரிகளை வற்புறுத்தி வந்தனர். 1715-இல் இந்துக்களின் வழிபாட்டுக்கு விதிக்கப்பட்ட தடைகளை எதிர்த்து மக்கள் நகரைவிட்டு வெளியேற முற்பட்டபோது, அக்கலகத்துக்குப் பின்னால் நின்றவர் நயினியப்பரே என்ற பேச்சு எழுந்தது. 1716 பிப்ரவரியில் அவர் சிறைப்பட்டார். சிறையிலிட்டவர் ஆளுநர் எபேர். அந்த எபேரின் முதல் ஆட்சிக்காலத்தில்தான் நயினியப்பர் அப்பதவிக்கே வந்திருந்தார். இடையில் பதவியிழந்து பிரான்சுக்குத் திரும்பிய எபேர், சேசு சபையாரின் செல்வாக்கினால்தான் மீண்டும் இங்கே வந்தார் என்று பின்னர் நயினியப்பரின் தரப்பினர் குற்றம் சாட்டினர்.

விசாரணை நடந்த விதத்தைச் சற்றே நின்று கவனியுங்கள். சாட்சிகள் வந்தனர், பேசினர். மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தவர் சேசு சபையாரின் உபதேசியாருடைய மகன். தமிழில் சொல்லப்பட்டது பிரெஞ்சில் எழுதப்பட்டது. எழுதியதைக் காட்டிக் கையொப்பம் கேட்டார்கள், சாட்சிகளும் இட்டார்கள். வழக்கு மறுபடி ஆராயப்பட்டபோது, அந்த ஏடுகளில் இருந்தது இன்னதென்று அறியாமலே ஒப்பமிட்டதாக அவர்களில் சிலர் தெரிவித்தனர். தம்மீது சொல்லப்பட்டவற்றை மறுத்து நிரூபிக்க நயினியப்பருக்கு நேர்மையான வாய்ப்பும் தரப்படவில்லை. கொடுமை செய்தார், கலகம் மூட்டினார் என்று தீர்ப்பாயிற்று. கடைவீதியில் 50 கசையடி, மூன்றாண்டுச் சிறை, 8,888 வராகன் அபராதம். 1717-இல் அவர் சிறையிலேயே இறந்தார்.

இதை வாசிக்கும்போது, "அது அவர்கள் சபை செய்தது, நாம் சீர்திருத்தச் சபையார்" என்று உங்கள் உள்ளம் சற்றே ஆறுதல் கொள்ளுமானால், ஒன்றை நினைவில் வையுங்கள். நயினியப்பருக்காக வாதாடி மடல் எழுதியவர்களுள் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபைக் குருமாரும் இருந்தனர், அவர்களும் கத்தோலிக்கரே. அன்றியும் அக்காலத்துச் சேசு சபையார் எல்லாரும் தீயநோக்குள்ளவர் என்று நான் கருதவில்லை. ஆத்துமாக்களின் நன்மைக்காகவே இதைச் செய்கிறோம் என்று அவர்களுள் பலர் நம்பியிருக்கக்கூடும். என்னை அச்சுறுத்துவதும் அதுவே. தன்னைப் பொய்யன் என்று அறிந்தவனுக்கு இரவில் உறக்கம் கெடலாம். தேவனுக்காக ஒருவன்மீது பழி சுமத்துகிறேன் என்று நம்புகிறவனோ நிம்மதியாய் உறங்குவான்.

இப்போது 1 இராஜாக்கள் 21-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பறிக்க யேசபேல் படையை அனுப்பவில்லை, கடிதம் அனுப்பினாள். அக்கடிதம் ராஜாவின் பெயரால் எழுதப்பட்டு, ராஜாவின் முத்திரையைத் தாங்கியிருந்தது. ஊரில் உபவாசம் கூறும்படி அதில் கட்டளை இருந்தது. நாபோத்தைச் சபைமுன் உயர்ந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும் என்று நியாயப்பிரமாணம் சொல்லுகிறது; இரண்டு பேரையே நிறுத்தினார்கள். பாருங்கள், இதில் சட்டத்துக்குப் புறம்பாய்த் தோன்றுவது ஒன்றும் இல்லை. அதிகாரத்தின் முத்திரை, பக்தியின் கோலம், பிரமாணத்தின் எண்ணிக்கை எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. யெஸ்ரயேலின் மூப்பர்கள் அறியாத அந்நியன் அல்லன் நாபோத். அவர்களுடைய பட்டணத்தான், பக்கத்து வீட்டான். ஆனாலும் அவனைப் பேசவிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதாக வேதத்தில் இல்லை.

புதுச்சேரியிலும் நடந்தது ஏறத்தாழ இதுதான். பரப்புரை என்றவுடன் பெரும்பொய் ஒன்றைத் தேடுகிறோம். பெரும்பாலும் அது அவ்வளவு பெரிய பொய்யாக இராது. கலகம் நடந்தது மெய்; நயினியப்பர் செல்வாக்குள்ளவர் என்பதும் மெய். அந்த இரண்டு மெய்களையும் சேர்த்துக் கட்டிய முடிச்சிலே அநீதி இருந்தது. முடிச்சை அவிழ்க்கக் கூடியவரோ சிறைக்குள் இருந்தார். முதலில் பேசுகிறவன் நீதிமானாய்த் தோன்றுவான், மற்றவன் வந்து ஆராயும்வரையில் மட்டுமே என்ற கருத்தை நீதிமொழிகள் 18-ஆம் அதிகாரத்திலே சாலொமோன் வைத்திருக்கிறார். அந்த மற்றவனை வரவிடாமல் செய்வதே பரப்புரையின் முதல் வேலை.

நயினியப்பரின் மகன் குருவப்பர் கடல்கடந்து பிரான்சுக்குச் சென்று நீதி கேட்டார். 1720-ஆம் ஆண்டளவில் தீர்ப்பு தள்ளுபடியாகி, நயினியப்பரின் நற்பெயர் மீட்கப்பட்டது; எபேர் இழப்பீடு செலுத்த வேண்டியதாயிற்று. குருவப்பர் பாரிஸில் ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டத்துடன் திரும்பி, தந்தையின் பதவியிலும் அமர்ந்தார். அந்த ஞானஸ்நானத்தைக் குறித்து மகிழ்வதா, வெட்கப்படுவதா என்று துணிந்து சொல்ல எனக்கு இயலவில்லை.

இனி ஒரு கேள்வி எழும்: அப்படியானால் மக்களை ஒரு பக்கம் திருப்ப முயலும் எழுத்தெல்லாம் தீயதா? அன்று. 1908-இல் சென்னையிலிருந்து இந்நகருக்கு வந்த பாரதியார் 1910 வரை ‘இந்தியா’ வார இதழை இங்கிருந்து நடத்தினார். கருத்துப்படங்களால் ஆங்கில ஆட்சியை எள்ளி நகையாடிய இதழ் அது. அதுவும் பரப்புரைதான், ஐயமில்லை. ஆனால் அது பகிரங்கமாய் வந்தது. இன்ன ஊரில், இன்ன பெயரில் அச்சாகிறது என்று யாவரும் அறிவர். மறுக்க விரும்பியவர் மறுக்கலாம். ஆங்கில அரசோ மறுத்து எழுதுவதைவிட, இதழைத் தன் எல்லைக்குள் நுழையவிடாமல் தடுப்பதையே தெரிந்துகொண்டது.

இருளில் செய்யப்படும் வகை வேறு. 1912-இல் இங்கே தங்கியிருந்த வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கையில் மூடிய ஜாடி ஒன்று அகப்பட்டது. உள்ளே அரசுக்கு எதிரான வெளியீடுகள். பிரிட்டிஷ் ஒற்றருக்கு உதவிய ஒருவர், சுதேசிகளைச் சிக்கவைக்க அதைப் போடுவித்திருந்தார். ஜாடியை ஒளித்திருந்தால் குற்றம் உறுதியாகியிருக்கும். பாரதியார் சொன்ன யோசனை வேறு: நாமே பிரெஞ்சுக் காவல் துறைக்குத் தெரிவிப்போம். அப்படியே செய்தனர். சோதனைக்கு வந்த நீதிபதி அரவிந்தரின் வீட்டில் கண்டது கிரேக்க, லத்தீன் நூல்களை. மதிப்போடு திரும்பிச் சென்றார். பழி சுமத்திய மனிதர் எல்லையைக் கடந்து பிரிட்டிஷ் இந்தியாவுக்கு ஓடிப்போனார்.

பிரியமானவர்களே, இன்று ஜாடி நம் கைப்பேசிக்குள்ளே வந்து விழுகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு சமூகத்தைப் பற்றியும், அயல் தெருக்காரர் ஒருவரைப் பற்றியும், சபைத் தேர்தல் நெருங்கினால் நம் மூப்பர்களைப் பற்றியும் வருகிறது. முன்பு மொட்டைக் கடுதாசியாவது தபால்தலைக்குக் காசு கேட்டது. இதற்கு விரலசைவு போதும். வசனம் ஒன்றை மேலே ஒட்டி, "ஜெபியுங்கள், பகிருங்கள்" என்று கீழே எழுதியிருந்தால் நாம் ஆராய்வதே இல்லை. அன்று சாட்சிகள் தாம் படிக்க இயலாத பிரெஞ்சில் ஒப்பமிட்டார்கள். நாமோ நம் தாய்மொழியில் இருப்பதையே வாசியாமல் அனுப்புகிறோம்.

ஒருவரைக் குறித்த செய்தி உங்களுக்கு வந்தால், அனுப்புமுன் அவரிடமே சென்று கேட்க இயலுமா என்று பாருங்கள். இயலாதாயின், அது உங்கள் கையோடு நிற்கட்டும். பொய்ச்சாட்சி கூடாது என்னும் கட்டளையை நாம் ஒன்பதாவதாகவும், கத்தோலிக்க சகோதரர் எட்டாவதாகவும் எண்ணுகிறோம், எண்ணிக்கையில்தான் வேற்றுமை.

இவ்வார வேதவாசிப்பு: 1 இராஜாக்கள் 21-ஆம் அதிகாரம் முழுவதும். 8 முதல் 13 வரையுள்ள வசனங்களை வீட்டாரோடு சேர்ந்து இருமுறை வாசியுங்கள். இரண்டாம் முறை, கடிதத்தைப் பெற்ற மூப்பர்களுள் ஒருவராக உங்களை எண்ணிக்கொண்டு வாசியுங்கள்.