நில்லம்ப தியான நிலையம்

நில்லம்ப தியான நிலையம், இலங்கையின் கண்டி மாவட்டத்தில் கலஹாப் பகுதி மலையொன்றில் உள்ள பௌத்தத் தியான நிலையம். இல்லறத்தாரே இதை நடத்துகின்றனர். ஆண், பெண், உள்நாட்டார், வெளிநாட்டார் எவரும் தங்கிப் பயிலலாம். தியானத்துடன் குழு உரையாடலும் நாளொழுங்கில் இடம்பெறுவது இதன் சிறப்பு.

அமைவிடம்

கண்டியிலிருந்து கலஹா பஸ்ஸில் வருவோர் வழியில் இறங்கி, தேயிலைத் தோட்டத்தினூடே மலையேற வேண்டும். நெடுங்காலம் மின்சாரமின்றி இயங்கிய இந்நிலையத்தில் அப்போது மெழுகுவர்த்தியே இரவு வெளிச்சமாக இருந்தது.

கொட்வின் சமரரத்ன (1932–2000)

நூலகராகப் பணியாற்றிய இவர், துறவு பூணாமலே நிலையத்தின் தலைமை ஆசிரியராக விளங்கினார். கோபம், அச்சம், கவலை ஆகியவற்றை அடக்க முயலாமல் நட்புடன் கவனிக்கப் பழகுவதும், மெத்தா எனப்படும் அன்புத் தியானமும் இவரது போதனையின் இரு தூண்கள். வெளிநாடுகளிலும் கற்பித்தார். 2000 மார்ச்சில் காலமானபின் உபுல் நிஷாந்த கமகே ஆசிரியப் பொறுப்பேற்றார்.

நாளொழுங்கு

விடியுமுன் மணியொலியுடன் நாள் தொடங்கும். அமர்ந்தும் நடந்தும் தியானம், யோகாசனம், மரக்கறி உணவு என்று பகல் கழியும். முற்றம் கூட்டுதல், காய் நறுக்குதல் போன்ற வேலைகளும் தியானமாகவே செய்யப்படும். விளக்குமாற்றின் ஒவ்வொரு வீச்சிலும் கவனம் நிற்க வேண்டும் என்பது பயிற்சி.

குழு உரையாடல்

பகலில் பெரும்பாலும் மௌனம் காப்போர், உரையாடல் வேளையில் ஆசிரியருடன் கூடி அமர்வர். உறக்கமின்மை, குடும்பக் கவலை, தியானத்தில் எழும் சலிப்பு எதையும் கேட்கலாம். ஒருவர் கேள்விக்குக் கிடைக்கும் பதில் மற்றவருக்கும் விடையாக அமைவதுண்டு. பேராதனையை அடுத்த ஹிந்தகலையிலுள்ள தம்மகூட விபஸ்ஸனா நிலையத்தில் முறை வேறு: அங்கு பத்துநாள் பயிற்சியின் பெரும்பகுதியில் பயில்வோர் தமக்குள் பேசுவதில்லை.

குழுச் சிகிச்சையுடன் ஒப்பீடு

குழுச் சிகிச்சையின் முன்னோடி எனக் கருதப்படுபவர் பொஸ்டன் மருத்துவர் ஜோசப் பிராட். 1905இல் காசநோயாளரை வகுப்பாகக் கூட்டினார். 1979இல் ஜோன் கபாட்-சின் பௌத்தத் தியானத்தை மதச்சார்பற்ற குழுப் பயிற்சியாக்கி, மசாசுசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் உளநெருக்கீட்டைக் குறைக்கப் பயன்படுத்தினார். நில்லம்ப உரையாடல் இவற்றுக்கு உறவானது. எனினும் சிகிச்சை அன்று. நோய் நிர்ணயமோ மருந்தோ இங்கில்லை. கடும் மனச்சோர்வு உள்ளோர் நீண்டநேரத் தியானத்தில் இறங்குமுன் மருத்துவ ஆலோசனை பெறுவது நன்று. கண்டி, பேராதனை வைத்தியசாலைகளில் உளமருத்துவப் பிரிவுகள் உள்ளன. தேசிய மனநல உதவிக்கான தொலைபேசி இலக்கம் 1926.