ஹெய்டன் நின்ற இடம்

2010 ஏப்ரல் 25, ஐபிஎல் இறுதிப் போட்டி. தேசூரில் தறியை நிறுத்திவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். பொல்லார்ட் 10 பந்தில் 27. தோனி ஹெய்டனை நேராக, ஏறக்குறைய அம்பயருக்குப் பின்னால் நிறுத்தினார். "அங்க யாருடா ஆள் வைப்பாங்க?" என்றார் பெரியப்பா. மார்க்கல் போட்ட பந்து அங்கேதான் போச்சு. சென்னை 22 ரன்னில் ஜெயித்தது.

பேஸ்பாலில் இது பழைய கதை. 1946 ஜூலையில் போஸ்டனின் டெட் வில்லியம்ஸ் முதல் ஆட்டத்தில் 3 ஹோம் ரன் அடித்தார். அடுத்த ஆட்டத்தில் கிளீவ்லாண்டின் லூ புட்ரோ கிட்டத்தட்ட எல்லாரையும் வலப்பக்கம் நகர்த்திவிட்டார். இடப்பக்கம் காலி. வில்லியம்ஸ் பிடிவாதமாகப் பெரும்பாலும் வலப்பக்கமே அடித்தார். செப்டம்பர் 13 அன்று மட்டும், அதே கிளீவ்லாண்டுக்கு எதிராக, இடப்பக்கம் தள்ளிவிட்டு ஓடியே ஹோம் ரன் எடுத்தார். 1-0. போஸ்டனுக்கு லீக் பட்டம். அப்புறம்? மறுபடியும் வலப்பக்கம்தான்.

பின்னாளில் கம்ப்யூட்டர் கணக்கு பார்த்து எல்லா அணியும் ஆளை நகர்த்த, 2023இல் அமெரிக்க லீக் தடை போட்டது: இரண்டாம் பேஸின் இருபுறமும் இரண்டிரண்டு பேர் நிற்கணும். எனக்கு இது பிடிக்கவில்லை. காலி இடம் கண்ணெதிரே இருக்கே, அடிக்க வேண்டியதுதானே!

சொல்வது சுலபம். எங்கள் தெருவில் எனக்கு லெக் சைடில் 4 பேர் நிற்பார்கள், ஆஃபில் ஒருத்தனும் இல்லை. நானும் ஒருநாளும் அந்தப் பக்கம் அடித்ததில்லை.