விற்பனைக்கு அல்ல!

அமெரிக்காவில் பேஸ்பால் சீசன் வசந்த காலத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடிந்துவிடும். மிச்ச மாதங்களில் ரசிகர்கள் என்ன செய்வார்கள்?

பேசுவார்கள். சாதாரணப் பேச்சு இல்லை. எந்த டீம் யாரை விற்கப்போகிறது, யாரைத் தள்ளிவிட்டு யாரை வாங்கப்போகிறது, அடுத்த வருஷமாவது கோப்பை உண்டா என்று தொண்டை வறளும்வரை விவாதம். அந்தக் காலத்தில் குளிருக்கு அடக்கமாக, மளிகைக் கடையின் நடுவில் கனன்றுகொண்டிருக்கும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசியதால், இதற்கு 'சூடான அடுப்பு லீக்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மட்டை கிடையாது, பந்து கிடையாது. ஆனாலும் அது ஒரு லீக்!

1969 அக்டோபரில் அந்த அடுப்பில் விழுந்தது ஒரு பெரிய விறகு.

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் டீம், தன்னுடைய நான்கு ஆட்டக்காரர்களை பிலடெல்பியா ஃபிலிஸ் டீமுக்குக் கொடுத்து, பதிலுக்கு மூன்று பேரை வாங்கிக்கொண்டது. பண்டமாற்று! வந்தவர்களில் முக்கியமானவர் டிக் ஆலன். மட்டையைச் சுழற்றினால் பந்து எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. போனவர்களில் ஒருவர் விக்கெட் கீப்பர் மாதிரி குத்தவைத்து பந்து பிடிக்கும் டிம் மெக்கார்வர். இன்னொருவர், கர்ட் ஃப்ளட்.

ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? 'ஆலன் வந்துட்டான்ல, இனிமே பாரு' என்று ஒரு கோஷ்டி. 'அவன் சண்டைக்காரனாச்சே, ஃப்ளட் மாதிரி ஒரு ஃபீல்டரை விட்டுட்டாங்களே' என்று இன்னொரு கோஷ்டி. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. 1963-ல் இருந்து தொடர்ந்து ஏழு வருடம், சிறந்த ஃபீல்டர்களுக்கான தங்கக் கையுறை விருது வாங்கியவர் ஃப்ளட். 1966 சீசன் முழுக்க அவர் ஃபீல்டிங்கில் ஒரு தவறுகூடச் செய்யவில்லை. 1964, 1967 இரண்டு வருடங்களிலும் டீம் உலகத் தொடரை ஜெயித்தபோது நடு மைதானத்தைக் காத்தவர் அவர்தான். ஆனால் 1968 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில், உயரே வந்த ஒரு பந்தை அவர் தப்பாகக் கணித்தார். பந்து தலைக்கு மேலே போனது. கூடவே கோப்பையும் போனது. அடுத்த வருடம் டீம் தன் பிரிவில் நான்காவது இடம்.

'வயசு முப்பத்தொண்ணு, சம்பளம் தொண்ணூறாயிரம். வித்தது சரிதான்!'

இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருமே ஒரே ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார்கள். ஃப்ளட்டுக்கு இதில் சம்மதமா?

மறக்கவில்லை, சார். அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே யாருக்கும் தெரியாது. காரணம், ஒப்பந்தத்தில் ஒளிந்திருந்த ஒரு ஷரத்து.

அதற்கு 'ரிசர்வ் ஷரத்து' என்று பெயர். 1879-ல் முதலாளிகள் தங்களுக்குள் ரகசியமாகப் பேசி ஆரம்பித்து வைத்தது. ஆட்டக்காரர் கையெழுத்துப் போடுவது ஒரு வருட ஒப்பந்தத்தில். வருடம் முடிந்ததும் புது ஒப்பந்தத்துக்கு அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், பழையதையே இன்னும் ஒரு வருடம் நீட்டிக்க டீமுக்கு உரிமை உண்டு. நீட்டித்த ஒப்பந்தத்திலும் அதே ஷரத்து இருக்கும் அல்லவா? அதனால் அதற்கடுத்த வருடமும் நீட்டிக்கலாம். அதற்கடுத்த வருடமும்! அதாவது, ஒரு தடவை கையெழுத்துப் போட்டால் ஆயுளுக்கும் அந்த டீமின் சொத்து. டீம் வேறு இடத்துக்கு விற்றால் போக வேண்டும். மறுத்தால் ஆட்டத்தையே விட்டுவிட வேண்டும்.

'சொத்து' என்று நான் சும்மா அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. பி.காம். படித்தவர்களுக்குத் 'தேய்மானம்' என்றால் என்னவென்று தெரியும். தொழிற்சாலை இயந்திரம் வருடா வருடம் தேய்கிறது. அந்தத் தேய்மானத்தைச் செலவாக எழுதி வரியைக் குறைத்துக்கொள்ளலாம். பேஸ்பால் டீமை வாங்கிய முதலாளிகள், ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களையும் இதே கணக்கில்தான் எழுதினார்கள். லேத் மெஷின், லாரி, கர்ட் ஃப்ளட். எல்லாம் ஒரே பத்தி!

கார்டினல்ஸ் டீமின் முதலாளி ஆகஸ்ட் புஷ், பெரிய பீர் கம்பெனி அதிபர். பன்னிரண்டு வருடம் தனக்காக ஆடியவரிடம் அவர் நேரில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அலுவலகத்தில் இருந்து யாரோ ஒருவர் போன் செய்தார். ஒரு துண்டுச்சீட்டு வந்து சேர்ந்தது. அவ்வளவுதான், முடிந்தது வியாபாரம்.

ஃப்ளட் கறுப்பர். ஹூஸ்டனில் பிறந்து, ஓக்லாந்தில் வளர்ந்தவர். பதினெட்டு வயதில் தென் மாநிலங்களில் சின்ன லீக்குகளில் ஆடப் போனபோது, சக ஆட்டக்காரர்கள் ஹோட்டலுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இவருக்குப் பின்வாசல். இவர் அடித்த ரன்னுக்குக் கைதட்டிய அதே ஊர்தான், கேவலமான வார்த்தைகளால் திட்டவும் செய்தது. பத்தொன்பது வயதில் சின்சினாட்டி டீம் அவரை கார்டினல்ஸுக்குத் தள்ளிவிட்டது. அப்போது பேசாமல் போனார். இரண்டாவது தடவை போகவில்லை.

1969 டிசம்பர் 24. பேஸ்பால் கமிஷனர் பௌவி கூனுக்கு ஃப்ளட் ஒரு கடிதம் எழுதினார். பன்னிரண்டு வருடம் ஆடிய பிறகும், என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்கிற ஒரு பொருளாக என்னை நான் நினைக்கவில்லை என்பது அதன் சாரம். மற்ற டீம்களோடும் பேசிப் பார்க்க உரிமை வேண்டும் என்று கேட்டார். 'அதெல்லாம் முடியாது' என்றது கமிஷனரின் பதில்.

கோர்ட்டுக்குப் போகலாமா?

ஆட்டக்காரர்கள் சங்கத்தின் தலைவர் மார்வின் மில்லர். எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பழுத்த அனுபவம் உள்ளவர். அவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். அநேகமாகத் தோற்பாய். தப்பித்தவறி ஜெயித்தாலும் உனக்குப் பலன் கிடைக்காது. உன் ஆட்டம் முடிந்துவிடும். நாளைக்கு கோச் வேலைகூட எவனும் தரமாட்டான்.

ஃப்ளட் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். மற்ற ஆட்டக்காரர்களுக்கு இதனால் நல்லது நடக்குமா? நடக்கும் என்றார் மில்லர். அப்படியென்றால் போதும் என்றார் ஃப்ளட்.

1970 ஜனவரியில் வழக்கு பதிவானது. ஊர் அவர் பக்கம் நின்றதா? அமெரிக்காவில் ஒரு சராசரிக் குடும்பத்தின் வருட வருமானம் பத்தாயிரம் டாலரைத் தொடாத காலம் அது. தொண்ணூறாயிரம் வாங்குகிற ஆளுக்கு என்ன அடிமைத்தனம் என்று சிரித்தார்கள். ஒரு டி.வி. பேட்டியில் இதையே கேட்டபோது, நல்ல சம்பளம் வாங்குகிற அடிமையும் அடிமைதான் என்றார் ஃப்ளட். வெறுப்பைக் கொட்டி அவருக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன.

விசாரணையில் அவருக்காக ஜாக்கி ராபின்சன் சாட்சி சொன்னார். 1947-ல் பெரிய லீக்கின் நிறச்சுவரை உடைத்தவர். தேய்மானக் கணக்கு என்ற வித்தையைக் கண்டுபிடித்த முன்னாள் டீம் முதலாளி பில் வீக்கே வந்து, இந்த ஷரத்தை மாற்ற வேண்டும் என்று சொன்னார்! ஆனால் அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர் ஒருவர்கூடக் கோர்ட் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. யாருடைய பிழைப்புக்காக அவர் நின்றாரோ, அவர்களுக்கே பயம். வேலை போய்விடுமே!

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. முதலாளிகளின் கையில் பழைய தீர்ப்பு ஒன்று இருந்தது. ஏகபோகத் தடைச் சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது, ஏனென்றால் இது மாநிலங்களுக்கு இடையே நடக்கும் வணிகமே அல்ல என்று 1922-ல் அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. டீம்கள் மாநிலம் மாநிலமாகப் பயணம் போய், டிக்கெட் விற்று, காசு எண்ணிக்கொண்டிருந்தன. ஆனாலும் வணிகம் இல்லையாம்!

1972 ஜூன் 19. ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் ஃப்ளட் தோற்றார். தீர்ப்பில் ஒரு வேடிக்கை. பேஸ்பால் வணிகம்தான், அதற்கு மட்டும் விலக்கு கொடுத்திருப்பது முரண்தான் என்று நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஐம்பது வருடமாக நடந்துவருவதை நாங்கள் மாற்ற மாட்டோம், வேண்டுமானால் நாடாளுமன்றம் மாற்றட்டும் என்று கையைக் கழுவிவிட்டார்கள்.

அதற்குள் ஃப்ளட்டின் ஆட்டம் முடிந்திருந்தது. 1970 சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. 1971-ல் வாஷிங்டன் டீமுக்குத் திரும்பிவந்து 13 ஆட்டங்கள் ஆடிப் பார்த்தார். காலும் கண்ணும் பழையபடி ஒத்துழைக்கவில்லை. விலகி, ஸ்பெயினின் மயோர்கா தீவுக்குப் போய்விட்டார். கடனும் மதுவும் கூடவே போயின.

ஆனால் பாருங்கள், தோற்ற வழக்கு வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. பத்து வருடம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே டீமில் இருந்தவரை அவர் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது என்று 1973-ல் ஒரு விதி வந்தது. 'கர்ட் ஃப்ளட் விதி' என்றே அதற்குப் பெயர். நான்கு வருடம் முன்பு இருந்திருந்தால், வழக்கே தேவைப்பட்டிருக்காது.

1975 டிசம்பரில் ஷரத்தே உடைந்தது. ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரண்டு பந்துவீச்சாளர்கள் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் ஒரு சீசனைக் கடத்தினார்கள். 'ஒரு வருட நீட்டிப்பு என்றால் ஒரு வருடம்தான்' என்று நடுவர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்புச் சொன்னார். முதலாளிகள் உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? நடுவரை வேலையை விட்டுத் தூக்கினார்கள்! தீர்ப்பைத் தூக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு சம்பளம் ஏறிய கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். 2023 டிசம்பரில் ஷோஹெய் ஒடானி பத்து வருடத்துக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அடுத்த வருடமே ஹுவான் சோட்டோ பதினைந்து வருடத்துக்கு 76.5 கோடி.

ஃப்ளட்டுக்கு இதில் ஒரு சென்ட் கிடைக்கவில்லை. 1997 ஜனவரியில், 59-வது வயதில், தொண்டைப் புற்றுநோயில் இறந்துபோனார். ஏகபோகத் தடைச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெரிய லீக் ஆட்டக்காரர்களுக்கும் கொடுத்து 1998-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். மார்வின் மில்லருக்குக்கூட, இறந்தபிறகு, பேஸ்பாலின் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஃப்ளட்டுக்கு அங்கே இன்னும் இடமில்லை.

குளிர்கால விவாதம் மட்டும் ஓயவில்லை. ஆனால் கேள்வி மாறிவிட்டது. முன்பெல்லாம் ரசிகர்கள், 'அவனை நம்ம டீம் வாங்குமா?' என்று கேட்டுக்கொள்வார்கள். இப்போது, 'அவன் நம்ம டீமுக்கு வருவானா?' என்றும் கேட்கிறார்கள்.

வாங்கப்படுவது பொருள். வருவது மனுஷன். இந்த ஒரு வார்த்தை மாறுவதற்காகத்தான், சார், ஒருவர் தன்னுடைய ஆட்டத்தையே விலையாகக் கொடுத்தார்.