கூகைக் குடும்பம்: வகைப்பாட்டின் வரலாறு

ஆந்தைகள் வரிசையில் இன்று இரண்டு குடும்பங்கள் உள்ளன. புள்ளி ஆந்தை, கொம்பன் ஆந்தை முதலிய பெரும்பாலான ஆந்தைகள் ஸ்ட்ரிஜிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. கூகையும் அதன் நெருங்கிய உறவுப் பறவைகளும் டைட்டோனிடே என்னும் சிறிய குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் ஊர்களில் கோயில் கோபுரங்களிலும் பாழடைந்த கட்டடங்களிலும் தங்கும் வெண்முகக் கூகையைச் சாக்குருவி என்று அஞ்சுவோர் உண்டு. இப்பறவைக்கு அறிவியலில் உரிய பெயரும் இடமும் நிலைபெற நூறாண்டுக்கும் மேலாயிற்று.

பெயர்க் குழப்பம்

1758 இல் லின்னேயசு ஆந்தைகளை ஸ்ட்ரிக்ஸ் என்ற ஒரே பேரினத்தில் அடக்கினார். 1769 இல் ஸ்கோபோலி என்பவர் வட இத்தாலியில் காணப்பட்ட கூகைக்கு ஸ்ட்ரிக்ஸ் ஆல்பா என்று பெயரிட்டார். ஆல்பா என்னும் இலத்தீன் சொல்லுக்கு வெண்மை என்பது பொருள். 1828 இல் சுவீடனைச் சேர்ந்த பில்பெரி டைட்டோ என்ற தனிப் பேரினத்தை ஏற்படுத்தினார். ஆந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது.

ஆயினும் புதிய பெயர் உடனே வழக்கிற்கு வரவில்லை. 19 ஆம் நூற்றாண்டு நூல்கள் பலவற்றில் கூகை, ஸ்ட்ரிக்ஸ் ஃப்ளாமியா என்றே குறிக்கப்பட்டது. இன்று ஸ்ட்ரிக்ஸ் என்பது காட்டு ஆந்தைகளின் பேரினம். ஃப்ளாமியசு என்பது குட்டைக்காது ஆந்தையின் இனப்பெயர். பழைய நூல்களைப் படிக்கும் மாணவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

தனிக் குடும்பம் ஆனது எப்படி?

ஜெர்மானிய அறிஞர் நிட்சு, பறவைகளின் உடலில் இறகுகள் முளைக்கும் வரிசைகளை ஆராய்ந்தவர். அவர் மறைந்த பின் 1840 இல் வெளிவந்த நூலில் கூகையைப் பிற ஆந்தைகளிலிருந்து வேறுபடுத்திக் காட்டியிருந்தார். எலும்பு ஆய்வுகளும் இவ்வேறுபாட்டை உறுதி செய்தன. இக்குடும்பத்தின் முக்கியப் பண்புகள்:

• முகவட்டு இதய வடிவில் இருக்கும்.
• நடுவிரல் நகத்தின் ஓரம் சீப்புப் போல் பற்களுடன் இருக்கும்.
• உள்விரலும் நடுவிரலும் ஏறக்குறைய ஒரே நீளமுடையவை.
• கவையெலும்பு மார்பெலும்புடன் இணைந்திருக்கும்.

பரவல்

அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் டைட்டோ பேரினப் பறவைகள் வாழ்கின்றன. கூகையை உலகெங்கும் ஒரே இனமாகக் கருதியது பழைய முறை. இப்போது அதை மேற்கத்திய, அமெரிக்க, கிழக்கத்திய இனங்களாகப் பலர் பிரிக்கின்றனர். ஃபோடிலஸ் என்ற மற்றொரு பேரினத்தைச் சேர்ந்த செம்பழுப்பு நிறப் பறவைகள் ஆசியக் காடுகளில் வாழ்கின்றன. அவற்றுள் ஓர் இனம் இலங்கையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மட்டுமே உள்ளது.

இக்குடும்பத்தின் வரலாற்றில் நீலகிரிக்கும் இடமுண்டு. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன், அங்குக் கிடைத்த புல்வெளிக் கூகையை 1839 இல் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். நீண்ட கால்களால் அதற்கு லாஞ்சிமெம்பிரிசு என்ற இனப்பெயர் அமைந்தது.

செவித்திறன்

திருவள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தில், பகலில் காக்கையிடம் தோற்கும் பறவையாகக் கூகையைக் காட்டுகிறார். இரவிலோ அதன் வலிமை வேறு. முழு இருட்டிலும் ஓசையை மட்டும் கொண்டு கூகை எலியைப் பிடிப்பதை ரோஜர் பெய்ன் 1971 இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். அதன் காதுகளில் ஒன்று சற்று மேலும் மற்றொன்று சற்றுக் கீழும் அமைந்துள்ளன. இதனால் ஓசை வரும் உயரத்தையும் அது கணிக்கிறது. 1978 இல் நட்சனும் கொனிசியும் கூகையின் மூளையில் ஓசை வரும் திசைகளுக்கான வரைபடம் போன்ற அமைப்பு இருப்பதைக் கண்டனர்.

மனிதரும் கூகையும்

கூகை இரையைப் பெரும்பாலும் முழுதாக விழுங்கும். செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். அவ்வுருண்டையைப் பிரித்துப் பார்த்தால் அதன் உணவு தெரியும். பயிர்நிலங்களில் எலிகளே அதன் முக்கிய உணவு. அதனால்தான் மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும் இஸ்ரேலின் வயல்களிலும் கூகைகளுக்குக் கூடு பெட்டிகள் வைக்கப்படுகின்றன.

நம் நாட்டிலோ அதன் அலறல் சாவின் அறிகுறி என்ற நம்பிக்கை இன்னும் மறையவில்லை. கல்லடிபட்டுச் சாகும் கூகைகளும் உண்டு. நஞ்சு தின்ற எலியை உண்டு மடிவனவும் உண்டு. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆந்தைகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. எனினும் சட்டத்தைவிட அறிதலே இப்பறவைக்கு நல்ல காவல். கூகையால் எவர் வீட்டிலும் சாவு நேர்வதில்லை. அது இல்லாத வயலில் எலி பெருகும்.