கல்தொட்டியும் கால் கழுவும் குழாயும்

சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் காமன்வெல்த் டிரைவில் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில் இருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மெக்ரிச்சி நீர்த்தேக்கக் காட்டுக்குள் ஷோனான் ஜிஞ்சா என்ற ஜப்பானிய ஷிந்தோ ஆலயத்தின் சிதைவுகள் புதர்மூடிக் கிடக்கின்றன. பத்தாண்டு இடைவெளியில் தோன்றிய இரண்டின் கதியும் வேறு வேறாயிற்று.

முதலாவது, 1932இல் குவீன்ஸ்வே அருகே தண்டவாள ஓரத்தில் இந்திய ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய சிறு வழிபாடு. அன்று அதன் பெயர் முனியாண்டி கோயில். இரண்டாவது, 1942இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானிய ராணுவம் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளை வேலைவாங்கிக் கட்டியது. அங்கே சூரிய தேவி அமதெராசு வணங்கப்பட்டாள். முன்னது ஊர்க்காவல் தெய்வம். பின்னது பேரரசின் தெய்வம்.

சடங்குகளைப் பார்த்தால் இரண்டும் உறவுக்காரர்கள்தாம். முனீஸ்வரனைப் பார்க்கப் போகிறவர் குழாயடியில் காலைக் கழுவிக்கொள்கிறார். ஷிந்தோ ஆலயத்தில் அகப்பையால் நீர் மொண்டு இடக்கை, வலக்கை, பிறகு வாய் என்று சுத்தம் செய்வது முறை. புதுப்பிப்பதும் இரு மரபிலும் உண்டு. நம் கோயில்களில் பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை கும்பாபிஷேகம். திருப்பணி முடியும்வரை சாமி பாலாலயம் என்ற தற்காலிகச் சன்னிதியில் இருக்கும். ஜப்பானில் அமதெராசுவின் மூல ஆலயமான ஈசேயில் இருபது ஆண்டுக்கொரு முறை பக்கத்து மனையில் புதுக்கோயில் கட்டி, இரவில் தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்கிறார்கள். இடம் மாறுவது இரண்டு மரபுக்கும் புதிதல்ல.

ஆனால் எழுந்தருளச் செய்ய ஆள் வேண்டுமே! 1945இல் தோற்ற ஜப்பானியர், திரும்பிவரும் எதிரி மெக்ரிச்சி ஆலயத்தை அவமதிப்பான் என்று அஞ்சித் தாங்களே அழித்துவிட்டார்கள். ஈசேயின் ஒரு சுற்றுக்கூட நிறையாமல் மூன்றாண்டில் முடிந்தது அதன் ஆயுள். குவீன்ஸ்வே கோயிலும் பழைய இடத்தை விட வேண்டிவந்தது; ஆனால் அடியார்கள் கலையவில்லை, 1998இல் காமன்வெல்த் டிரைவில் குடமுழுக்கு நடத்தினார்கள். அந்தத் தொழிலாளர்களுக்குச் சோறு போட்ட ரயில் பாதையில் 2011 ஜூன் 30உடன் வண்டி நின்றது. அது இன்று நடைபாதை. கோயில் வழிபாடு நிற்கவில்லை.

காட்டுக்குள் மிஞ்சிய முக்கியச் சின்னம், கைகழுவ வைத்த கருங்கல் தொட்டி. கட்டவைத்தவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். அதில் கை நனைத்தே ஆக வேண்டும் என்ற தேவை இங்கே யாருக்கும் இருந்ததில்லை.