கோதுமை கொடுத்து வாங்கிய தமிழ்ப் புத்தகங்கள்

வணிகவியல் படிக்கிறவனுக்கு வரலாறு எதற்கு என்று என் வகுப்புத் தோழர்களே கேட்பார்கள். அவர்களுக்காகவே இந்த முறை கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் அப்பத்தா பழைய கதை பேசினால் "அமெரிக்காக்காரன் கோதுமை" வராமல் இருக்காது. புதுச்சத்திரம் பக்கம் சோளமும் கம்பும் ராகியும் தின்று வளர்ந்தவர்கள், மழை பொய்த்த வருடங்களில் ரேஷன் கோதுமையை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்த கதை அது. அந்தக் கோதுமைக்கும் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் தமிழ்ப் புத்தகங்களுக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு என்று தெரிந்தபோது எனக்கே நம்ப முடியவில்லை.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் 1954-ல் பொதுச்சட்டம் 480 என்று ஒரு சட்டம் வந்தது. நம் ஊரில் பி.எல். 480 என்பார்கள். அங்கே மிஞ்சிக் கிடந்த தானியத்தை வெளிநாடுகளுக்கு விற்க வழி செய்த சட்டம். 1956-ல் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டது. நம்மிடம் டாலர் இல்லை, அதனால் விலையை ரூபாயாகவே கொடுக்கலாம் என்று ஏற்பாடு. ஆனால் அந்த ரூபாயை அமெரிக்கா தன் நாட்டுக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. பெரும்பகுதி இந்தியாவுக்கே கடனாகவும் உதவியாகவும் திரும்பியது. மீதி இங்கேயே குவிந்தது. 1974-ல் அமெரிக்கத் தூதர் மொய்னிகன் அதில் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை எழுதி இந்தியாவிடம் திருப்பிக் கொடுத்தார். வங்கித் தேர்வு எழுதும் நண்பர்கள் ஒரு நிமிடம் மூச்சு விட்டுக்கொள்ளலாம் :-)

இப்படிக் குவிந்த பணத்தில் ஒரு சிறு பங்கைப் புத்தகம் வாங்கச் செலவிடலாம் என்று 1958-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே 1958-ல், ரஷ்யாவின் ஸ்புட்னிக் கொடுத்த அதிர்ச்சியில், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அயல்மொழிகள் கற்பிக்க அரசே பணம் தரும் சட்டமும் வந்தது. தமிழ் படிக்க மாணவர்கள் வந்தால் தமிழ்ப் புத்தகமும் வேண்டுமே. 1962-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் டெல்லியில் அலுவலகம் திறந்து, இந்திய மொழிகளில் வெளியாகும் புத்தகங்களைப் பல பிரதிகளாக வாங்கி அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. சிகாகோ, பெர்க்லி, பென்சில்வேனியா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஏ.கே. ராமானுஜன் பேராசிரியராக இருந்தது அந்தச் சிகாகோவில்தான்.

நம் புத்தகம் எல்லாம் கடல் தாண்டிப் போய்விட்டதே என்று கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் கணக்கின் அடுத்த பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை வரையும் ஓவியர். பழைய புத்தகம், பத்திரிகை மட்டுமல்ல, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை வரை சேர்த்து வைத்தார். ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள். 1992-ல் அவர் காலமானார். 1994-ல் அந்தத் தொகுப்பை விலை கொடுத்து வாங்கியது அதே சிகாகோ பல்கலைக்கழகம். ஆனால் இந்த முறை புத்தகங்கள் கப்பல் ஏறவில்லை. நுண்படம் எடுத்து, மூலத்தைத் தமிழ்நாட்டிலேயே வைத்தார்கள். இன்று சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அப்படி உருவானதுதான்.

சரி, நம்மைப் போன்ற மாணவர்கள் இவற்றைப் பயன்படுத்துவது எப்படி? இவை ஊர் நூலகம் மாதிரி அலமாரியில் கைவிட்டுத் தேடும் இடங்கள் அல்ல. பட்டியலில் தேடிக் குறித்துக் கொடுத்தால்தான் புத்தகம் மேசைக்கு வரும். அதனால் தேடத் தெரிய வேண்டும். நான் தெரிந்துகொண்ட மூன்று விஷயங்கள்:

முதலாவது, எழுத்து. அமெரிக்க நூலகப் பட்டியல்களில் தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் எழுத ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நாம் வாட்ஸ்அப்பில் 'ழ'வுக்கு 'இசட்-ஹெச்' போடுகிறோமே, அது அங்கே செல்லாது. அடியில் கோடு போட்ட 'எல்'தான் அவர்களுடைய 'ழ'. தட்டும்போது வெறும் 'எல்' போடுங்கள்.

இரண்டாவது, எல்லை. நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997-ல். அதற்கு முன் சேலம். ஆனால் 1910 முதல் 1929 வரை நாமக்கல் தாலுகா திருச்சி ஜில்லாவில் இருந்தது! லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு 1883-ல் வந்தது, அப்போது நாமக்கல் சேலத்தோடு இருந்தது. ரிச்சர்ட்ஸின் சேலம் கெசட்டியர் வந்தது 1918-ல், அப்போது நாமக்கல் திருச்சியோடு. ஊர் நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது. எந்த வருடத்துச் செய்தி வேண்டுமோ, அந்த வருடத்து ஜில்லாவில் தேட வேண்டும்.

மூன்றாவது, வீட்டிலிருந்தே செய்யக்கூடியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924-ல் வெளியிடத் தொடங்கிய தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எங்கள் அப்பாரு எழுதிய கடலைக்காய்க் கணக்கு நோட்டில் 'வள்ளம்' என்று பார்த்துக் குழம்பினேன். எனக்குத் தெரிந்த வள்ளம் படகுதான். தேடியதும் அது தானியம் அளக்கும் அளவு என்று கிடைத்தது. அப்பத்தாவிடம் சொன்னால், "இதைக் கேக்க அமெரிக்கா வரைக்கும் போகோணுமா சாமி?" என்று சிரிக்கிறார்.

அந்த நோட்டு ஒன்றுதான் மிச்சம். ஒரு தகரப்பெட்டி நிறைய இருந்ததாம். எது எந்த வருடம் என்ன விலை விற்றது, யாருக்கு எவ்வளவு கூலி, எல்லாம் எழுதியிருந்தாராம். நான் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டுக்கு வெள்ளையடிக்கையில் பழைய பேப்பர்காரரிடம் கிலோ கணக்கில் போட்டுவிட்டார்கள். எடைக்கல் தூக்கிக் கொடுத்து உதவியது நான்தான். அது சிகாகோவிலும் கிடைக்காது, தரமணியிலும் கிடைக்காது.

போகி வருகிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். எரிப்பதற்கு முன்னால், எடைக்குப் போடுவதற்கு முன்னால், ஒருமுறை திறந்து பாருங்கள் நண்பர்களே. முடிந்தால் போனிலாவது படம் எடுத்து வையுங்கள்.